ஒரே தலைப்பில் பல பெட்டிகள்: இணையச் செயலியில் தேடல் முடிவுகளைப் பல தேர்வுகளால் வடிகட்டும் முறை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து கிடைத்த பழைய புகைப்படங்கள், சம்பளச் சீட்டுகள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் திருவிழா அழைப்பிதழ்கள் ஆகியவற்றை வருடி எடுத்து, ஊர்மக்கள் தாமே தேடிப் பார்க்கக்கூடிய ஓர் இணையச் செயலியாக அமைக்கும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். அதன் முதல் வடிவத்தை ஊரில் காட்டிய நாளில், பால்வெட்டு (ரப்பர் மரம் சீவும்) வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி என் கைப்பேசியை வாங்கித் தேடிப் பார்த்தார். ‘தோட்டம்’ என்ற தலைப்பின் கீழிருந்த பெட்டிகளில், தாம் பிறந்த கமுனிங்கையும் வாழ்க்கைப்பட்டுப் போன எல்பிலையும் தொட்டுக் குறியிட்டார். முடிவுகள் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. “என்னா தம்பி, ரெண்டு எஸ்டேட்டு படமும் இருக்குன்னு சொன்னீங்க, ஒண்ணுமே வரலியே?” என்று கேட்டார்.

படங்கள் இருக்கவே செய்தன. நான் எழுதியிருந்த வினவல், அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, கமுனிங்கிலும் எல்பிலிலும் ஒருசேர எடுக்கப்பட்ட படத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு படத்துக்கு ஒரு தோட்டம் மட்டுமே பதியப்பட்டுள்ள அட்டவணையில் அப்படி ஒரு படம் கிடைக்க வழியே இல்லை. பாட்டி கேட்டது ‘இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்’ என்பதாகும். பேச்சில் ‘உம்’ போட்டுச் சொல்வது தரவுத்தளத்தில் ‘அல்லது’ என்று எழுதப்பட வேண்டியது என்ற இந்த ஓர் இடத்தில்தான் பல தேர்வு வடிகட்டிகளில் பெரும்பாலானவை தடம் புரள்கின்றன. ஆகவே நிரலில் கைவைக்கும் முன், குறியிடுபவர் என்ன பொருளில் குறியிடுகிறார் என்பதை ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாகப் பொருந்தும் விதி எளியது. ஒரே தலைப்புக்குள் குறியிடப்பட்டவை ‘அல்லது’ என்று இணையும். வெவ்வேறு தலைப்புகள் ‘மற்றும்’ என்று இணையும். எதுவும் குறியிடப்படாத தலைப்பு வினவலில் இடம்பெறவே கூடாது. கமுனிங், எல்பில் என இரு தோட்டங்களையும், ‘வகை’ என்ற தலைப்பில் புகைப்படத்தையும் ஒருவர் குறியிட்டால், இரண்டில் ஏதேனும் ஒரு தோட்டத்தைச் சேர்ந்ததாகவும், அதே வேளையில் புகைப்படமாகவும் இருப்பவை வர வேண்டும்.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். அதற்கு முன், விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களும் எழுதும்போது வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வினவலை இப்படி எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்:

தோட்டம் = கமுனிங் அல்லது தோட்டம் = எல்பில் மற்றும் வகை = புகைப்படம்

தரவுத்தளத்தை வினவப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியில் ‘மற்றும்’ என்பது ‘அல்லது’ என்பதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். கணக்கில் கூட்டலுக்கு முன் பெருக்கல் நடப்பதைப் போல. அதனால் மேலே உள்ள வரியை, ‘கமுனிங்கைச் சேர்ந்த எல்லாமும், அவற்றோடு எல்பிலின் புகைப்படங்களும்’ என்றே தரவுத்தளம் படிக்கும். கமுனிங்கின் சம்பளச் சீட்டுகளும் அழைப்பிதழ்களும் பட்டியலில் வந்து விழும். திரையில் முடிவுகள் நிறைய வருவதால் பிழை இருப்பதே கண்ணில் படாது. தோட்டங்களுக்கான பகுதியை அடைப்புக்குறிகளுக்குள் வைத்தால் இது சரியாகிவிடும். அதைவிட நல்ல பழக்கம், ஒரே புலத்துக்கு (அட்டவணையின் ஒரு நெடுவரிசைக்கு) பல மதிப்புகள் வரும்போது ‘அல்லது’வை அடுக்கிக்கொண்டு போகாமல், எஸ்கியூஎல்லின் ‘இன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தி, ‘தோட்டம் இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறதா’ என்று ஒரே நிபந்தனையாகக் கேட்பதாகும்.

படிவமும் முகவரியும்

படிவத்தில், ஒரு தலைப்பின் கீழ் உள்ள தேர்வுப் பெட்டிகள் அனைத்துக்கும் ஒரே பெயரைக் கொடுங்கள். ஒவ்வொன்றின் மதிப்பு மட்டும் வேறுபட வேண்டும். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய பட்டியல் பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கணினியோடு நாள்தோறும் பழகாத ஒருவர் இரண்டாவது பெயரை அழுத்தியதும் முதல் தேர்வு மறைந்துபோகும். ஒவ்வொரு தொகுதியையும் ‘ஃபீல்ட்செட்’ என்ற உறுப்புக்குள் வைத்து, ‘லெஜண்ட்’ என்ற உறுப்பில் தலைப்பை எழுதுங்கள். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அப்போதுதான் பெட்டியின் பெயரோடு அது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லும். பெட்டியோடு அதன் பெயரையும் தொட்டால் குறி விழும்படி ‘லேபிள்’ உறுப்பையும் இணைத்துவிடுங்கள். உளி பிடித்துக் காய்த்துப்போன விரல்களுக்குச் சிறு சதுரம் போதாது.

படிவத்தை அனுப்பும் முறை ‘கெட்’ ஆக இருக்கட்டும். தேடல் எதையும் மாற்றுவதில்லை, படிப்பது மட்டுமே. ஆகையால் தேர்வுகள் அனைத்தும் பக்கத்தின் முகவரியிலேயே தெரிவது முறையானது. அந்த முகவரியைப் புத்தகக்குறியாக வைத்துக்கொள்ளலாம். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஜொகூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினால், அங்கும் அதே பட்டியல் திறக்கும். ‘போஸ்ட்’ முறையில் அனுப்பினால் இவை எதுவும் நடக்காது. பின்னோக்கிப் போகும்போது படிவத்தை மறுபடி அனுப்பவா என்று உலாவி கேட்டுத் தொந்தரவும் செய்யும்.

குறியிடப்படாத பெட்டி சர்வருக்கு அனுப்பப்படுவதே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ‘இல்லை’ என்ற மதிப்போடு அது வருவதில்லை, வராமலே போகிறது. குறியிடப்பட்டவை, ஒரே பெயர் பலமுறை திரும்ப வரும் வரிசையாக முகவரியில் சேர்கின்றன. இந்த இடத்தில் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. பிஎச்பியில் பெயரின் இறுதியில் சதுர அடைப்புக்குறி இணை இல்லாவிட்டால் கடைசி மதிப்பு மட்டுமே கைக்குக் கிடைக்கும். முன்னவை ஓசையின்றி அழிந்துபோகும். பைத்தான் மொழிக்கான கருவிகளில், ஜாங்கோவில் வழக்கமான ‘கெட்’ கட்டளை கடைசி மதிப்பையும், ஃபிளாஸ்க்கில் அதே பெயருள்ள கட்டளை முதல் மதிப்பையும் தருகின்றன. இரண்டிலும் முழுப் பட்டியலைப் பெற ‘கெட்லிஸ்ட்’ என்ற கட்டளையைத்தான் அழைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் முகவரியைப் பிரித்துப் படிக்கும் வசதியிலும் ‘கெட்’ முதல் மதிப்பை மட்டும் தரும். ‘கெட்ஆல்’ எல்லாவற்றையும் தரும்.

ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் நிரல் எழுத உதவும் எக்ஸ்பிரஸில் சிக்கவைக்கும் பொறி சற்று நுட்பமானது. இரண்டு பெட்டிகளைக் குறியிட்டால் பட்டியல் வரும். ஒன்றை மட்டும் குறியிட்டால் பட்டியலாக வராமல் வெறும் சரமாக, அதாவது எழுத்துகளின் கோவையாக, வரும். ஒரு தோட்டத்தின் எண் 12 என்று கொள்வோம். அதை மட்டும் ஒருவர் குறியிட, நிரல் அதைப் பட்டியல் என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுக்க, சரத்தின் எழுத்துகளான 1, 2 ஆகியவை தனித்தனியாகப் பிரிந்து வரும். கேட்டது பன்னிரண்டாம் தோட்டம். திரையில் வருவதோ முதல் தோட்டமும் இரண்டாம் தோட்டமும். ஒற்றை இலக்க எண்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை என்றைக்கும் தெரியாது. ஆகவே மதிப்பு உள்ளே வந்த வாசலிலேயே, அது பட்டியலா சரமா என்று பார்த்து, எப்போதும் பட்டியலாக்கிவிட்டு, அதன் பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

வாசலிலேயே செய்ய வேண்டிய இன்னும் இரண்டு காரியங்கள் உள்ளன. ஒன்று, வந்த மதிப்புகளை அனுமதிக்கப்பட்ட மதிப்புகளோடு ஒப்பிட்டு, அறியாதவற்றைத் தள்ளிவிடுவது. மற்றொன்று, ஒரே மதிப்பு இரண்டு முறை வந்திருந்தால் ஒன்றாக்குவது. இரண்டாவது காரியம் ஏன் தேவை என்பது குறிச்சொற்களைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

வினவலைக் கட்டுதல்

வந்த மதிப்புகளை நேரடியாக வினவலின் சரத்தோடு ஒட்டி எழுதக் கூடாது. முகவரியில் யார் எதை வேண்டுமானாலும் தட்டி எழுதலாம். ஒட்டி எழுதினால் அவர் எழுதியது தரவுத்தளத்துக்குக் கட்டளையாகிவிடும். ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் இடங்காட்டியை (மதிப்பு பின்னர் வந்து அமரும் இடத்தைக் காட்டும் கேள்விக்குறி போன்ற குறியை) வைத்து, மதிப்புகளைத் தனியாக அனுப்புங்கள். பட்டியல் முழுவதையும் ஒரே இடங்காட்டிக்குள் போட்டுவிடலாம் என்று பலர் முயன்று பார்க்கிறார்கள். பிஎச்பியின் பிடிஓ போன்ற இணைப்பிகளில் அது செல்லாது. மூன்று தோட்டங்கள் வந்தால் மூன்று கேள்விக்குறிகளை நிரலே எண்ணி எழுத வேண்டும். போஸ்ட்கிரஸில் மட்டும் ‘எனி’ என்ற சொல்லோடு பட்டியல் முழுவதையும் ஓர் அணியாக ஒரே இடங்காட்டியில் அனுப்பிவிட முடியும். அந்த வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இடங்காட்டிகளுக்கும் எல்லை உண்டு: எஸ்கியூலைட்டில் 3.32.0 பதிப்புக்கு முன் இயல்பு எல்லை 999 ஆக இருந்தது, அதன் பிறகு 32766. தேர்வுப் பெட்டிகள் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. ஆனாலும் முகவரியைக் கையால் நீட்டி எழுதுபவருக்காக ஒரு தலைப்புக்கு இத்தனை மதிப்புகள்தான் என்று வரம்பு வைப்பது நல்லது.

இடங்காட்டி மதிப்புக்கு மட்டுமே உதவும். புலத்தின் பெயருக்கு உதவாது. எந்தப் புலத்தை வடிகட்டுவது, எதன்படி வரிசைப்படுத்துவது என்பது முகவரியிலிருந்து வருமானால், நிரலுக்குள் நீங்களே எழுதிவைத்த பெயர்ப் பட்டியலிலிருந்து மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

வெற்றுப் பட்டியலைப் பற்றி முன்பே சொன்னேன். எதையும் குறியிடாதவர் ‘எல்லாம் வேண்டும்’ என்றே கருதுகிறார். அந்த நிலையில் ‘இன்’ என்று எழுதி வெற்று அடைப்புக்குறியை வைத்தால், மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரஸும் தொடரியல் பிழை என்று நிறுத்திவிடும். எஸ்கியூலைட் அதை ஏற்றுக்கொண்டு ஒரு முடிவும் தராது. இரண்டுமே தவறான விடைகள். நிபந்தனைகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே வந்து, மதிப்பு உள்ள தலைப்புக்கு மட்டும் ஒரு நிபந்தனையைச் சேர்த்து, கடைசியில் அவற்றை ‘மற்றும்’ கொண்டு கோப்பதே பாதுகாப்பான வழி. ஆனால் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள்: ஒருவர் தோட்டத்தைத் தேர்ந்து அனுப்பி, அந்த மதிப்பு செல்லாதது என்று நீங்கள் தள்ளியதால் பட்டியல் வெறுமையானால், எல்லாவற்றையும் காட்டக் கூடாது. கேட்டது கிடைக்கவில்லை என்று சொல்வதே அங்கே நேர்மையான விடை.

எந்தத் தோட்டம் என்று தெரியாத படங்கள் எங்கள் தொகுப்பில் பல உண்டு. அந்தப் புலத்தை வெற்றாக விட்டுவிட்டால், ‘இன்’ நிபந்தனை எதற்கும் அவை அகப்படாது. தோட்டங்கள் அனைத்தையும் குறியிட்டாலும் வராது. ஆகையால் தோட்டங்களின் அட்டவணையில் ‘தெரியவில்லை’ என்பதையும் ஒரு வரிசையாகச் சேர்த்து, அதற்கும் ஒரு பெட்டி கொடுத்தோம். அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துப் படங்களை அடையாளம் சொல்ல ஊரில் முதியவர்கள் இருக்கிறார்கள்.

தரவு எங்கே அமர வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘பயிர்’ என்ற தலைப்பை முதலில் தோட்டத்தின் பண்பாக வைத்திருந்தோம். கமுனிங் என்றால் பால்மரம் என்பது போல. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை 1917-இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டதென்றாலும், பல தோட்டங்கள் பல பத்தாண்டுகள் பால்மரத்தையே வைத்திருந்து பின்னர்தான் செம்பனைக்கு மாறின. ஒரே தோட்டத்தின் இரண்டு படங்களில் இரண்டு பயிர்கள் இருக்கும். பயிரைத் தோட்டத்தோடு கட்டிவைத்தால், பால்வெட்டுப் படம் செம்பனைத் தேடலில் வரும். பயிர் படத்தின் பண்பு என்று மாற்றியபின் வடிகட்டி சரியாயிற்று. வடிகட்டி தவறாக நடக்கும்போது வினவலைத் திருத்துவதற்கு முன், அந்தப் பண்பு உரிய அட்டவணையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குறிச்சொற்கள்: விதிக்கு விலக்கு

ஒரு படத்துக்குத் தோட்டம் ஒன்றுதான். ஆனால் அதில் காணப்படுபவை பல. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளர்கள், அவர்களுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள், ஓரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை என ஒரே படத்துக்கு மூன்று குறிச்சொற்கள் வரும். இந்தத் தலைப்பில் ‘ஆயாக் கொட்டகை’, ‘லயன்’ என்று இரண்டைக் குறியிடுபவர், இரண்டும் சேர்ந்திருக்கும் படத்தையே பெரும்பாலும் தேடுகிறார். மேலும் மேலும் குறியிடக் குறியிடப் பட்டியல் சுருங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஆகவே ஒரு பொருளுக்கு ஒரு மதிப்பு மட்டுமே இருக்கக்கூடிய தலைப்பில் ‘அல்லது’. பல மதிப்புகள் இருக்கக்கூடிய தலைப்பில், பயன்படுத்துவோர் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும். எங்கள் செயலியில் தலைப்புக்கு அருகிலேயே ‘எல்லாம் உள்ளவை’, ‘ஏதேனும் ஒன்று உள்ளவை’ என்று இரண்டு வழிகளை வைத்து, முதலாவதை இயல்பாக்கினோம்.

குறிச்சொற்களை ஒரே புலத்தில் காற்புள்ளியிட்டு அடுக்கிவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்படி வைத்து ‘லைக்’ கொண்டு தேடினால், குறிச்சொல் எண் 1 என்று கேட்டதற்கு 11-உம் 21-உம் சேர்ந்து வரும். படத்தின் எண்ணும் குறிச்சொல்லின் எண்ணும் மட்டுமே கொண்ட இணைப்பு அட்டவணை ஒன்றைத் தனியாக அமைப்பதே முறை.

‘ஏதேனும் ஒன்று’ என்பதற்கு இணைப்பு அட்டவணையை நேரடியாகச் சேர்த்து ‘இன்’ எழுதினால், இரண்டு குறிச்சொற்களும் உள்ள படம் பட்டியலில் இரண்டு முறை வரும். ‘எக்சிஸ்ட்ஸ்’ என்ற சொல்லைக் கொண்டு, ‘இந்தப் படத்துக்கு இந்தப் பட்டியலில் உள்ள குறிச்சொல் ஒன்றேனும் இருக்கிறதா’ என்று கேட்டால் அந்தச் சிக்கல் எழாது. ‘எல்லாம்’ என்பதற்கு, தேர்ந்த குறிச்சொற்களுக்கு உரிய வரிசைகளைப் படவாரியாகத் தொகுத்து, ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை வெவ்வேறு குறிச்சொற்கள் பொருந்தின என்று எண்ணி, அந்த எண்ணிக்கை தேர்வுகளின் எண்ணிக்கைக்குச் சமமாக உள்ளவற்றை மட்டும் எடுக்க வேண்டும். எஸ்கியூஎல்லில் இது ‘குரூப் பை’, ‘ஹேவிங்’ ஆகிய சொற்களால் எழுதப்படும். மூன்று குறிச்சொற்களைக் கேட்டால், எண்ணிக்கை மூன்றாக வந்த படங்கள் மட்டும் தேறும். முகவரியில் ‘லயன்’ தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தால், தேர்வு நான்கு, பொருந்தக்கூடியது மூன்று என்றாகி ஒரு படமும் தேறாது. வாசலிலேயே ஒன்றாக்கச் சொன்னது இதற்காகத்தான்.

காலம்

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 1940-கள், 1950-கள் என்று காலத்தைப் பிரித்துப் பேசுவதில்லை. ‘ஜப்பான்காரன் காலம்’, ‘எமர்ஜென்சி காலம்’, ‘மெர்டேக்காவுக்கு (விடுதலைக்கு) முன்னே’ என்றுதான் சொல்கிறார்கள். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம், இந்த ஊரின் நினைவில் வேறு எந்தப் பத்தாண்டுக் கணக்கையும்விட ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆகவே பெட்டிகளிலும் அந்தப் பெயர்களையே வைத்தோம்: ஜப்பானியர் ஆட்சி 1941 முதல் 1945 வரை, அவசரகாலம் 1948 முதல் 1960 வரை, மெர்டேக்காவுக்கு முன் என்பது 1957 வரை. இவை ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன என்பதால் கலங்க வேண்டியதில்லை.

படத்துக்கும் துல்லியமான ஆண்டு பெரும்பாலும் தெரியாது. ஒரே ஆண்டுப் புலத்தை வைத்து ஊகத்தை எழுதுவதைவிட, தொடக்க ஆண்டு, இறுதி ஆண்டு என்று இரண்டு புலங்களை வையுங்கள். வடிகட்டும்போது இரு கால அளவுகளும் எங்கேனும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று மட்டும் பார்க்க வேண்டும். படத்தின் தொடக்க ஆண்டு தேர்ந்த காலத்தின் இறுதியை மிஞ்சாமலும், படத்தின் இறுதி ஆண்டு தேர்ந்த காலத்தின் தொடக்கத்துக்குக் குறையாமலும் இருந்தால் அவை தொடுகின்றன. 1939-க்கும் 1942-க்கும் இடையில் எடுக்கப்பட்ட படத்தை ஜப்பானியர் ஆட்சியோடு ஒப்பிட்டால், 1939 என்பது 1945-ஐ மிஞ்சவில்லை, 1942 என்பது 1941-க்குக் குறையவில்லை. படம் பட்டியலில் சேரும். 1946-க்கும் 1947-க்கும் இடைப்பட்ட படம் அவசரகாலத்தில் சேராது, ஏனெனில் 1947 என்பது 1948-க்குக் குறைகிறது. பல காலங்கள் குறியிடப்பட்டால், ஒவ்வொன்றுக்கும் இப்படியொரு நிபந்தனை எழுதி, அவற்றை ‘அல்லது’ கொண்டு இணைத்து, முழுவதையும் ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள். ஒரு படம் இரண்டு காலங்களுக்கும் பொருந்தினாலும் ஒருமுறைதான் வரும்.

தமிழ் எழுத்துகளில் கவனிக்க வேண்டியவை

பெட்டியின் மதிப்பாகத் தமிழ்ச் சொல்லையே வைத்தால் வரும் தொல்லைகளை ஆங்கிலத்தில் மட்டும் செயலி கட்டுபவர்கள் அறிய மாட்டார்கள். நமக்கு இவை அன்றாடம். ‘தோட்டம்’ என்ற நான்கெழுத்துச் சொல் யூனிகோடில் ஏழு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். ஆக ஒரே சொல் 63 எழுத்துகளை விழுங்குகிறது. நான்கைந்து பெட்டிகளைக் குறியிட்ட முகவரி, புலனத்தில் பகிரும்போது அரைத் திரையை அடைத்துக்கொள்ளும். மதிப்புக்கு எண்ணையும், பார்வைக்குத் தமிழ்ப் பெயரையும் வைப்பதே இதற்குத் தீர்வு.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘தோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம்; இரட்டைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தரவுத்தளத்துக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்களாக இருக்கக்கூடும். பலர் பல விசைப்பலகைகளில் தட்டச்சு செய்த விவரங்களைச் சேர்த்தபோது, எங்கள் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு பெட்டிகளாக வந்து, படங்கள் இரண்டுக்குமாகப் பிரிந்து கிடந்தன. விவரம் உள்ளே சேரும்போதே அதை யூனிகோடு வகுத்துள்ள என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தான், பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும் இதற்கு வசதி உண்டு. ஆயினும் சித்ரா பௌர்ணமியின் ‘பௌ’வை, ‘பெ’ என்றும் ‘ள’ என்றும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் அந்த மாற்றம் அதைத் திருத்தாது; அது கையால் தேடித் திருத்த வேண்டிய எழுத்துப்பிழை.

ரப்பர், இரப்பர், சிப்புட், சிப்பூட் என்று வழக்கிலேயே வேறுபடும் பெயர்களுக்கு, அதிகாரப் பெயர் ஒன்றும் மாற்றுப் பெயர்களுக்கென ஓர் அட்டவணையும் வேண்டும். தோட்டப் பெயர்களுக்கு இது மிக அவசியம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக, அப்போது மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் கைமாறிய தோட்டங்கள் பலவற்றுக்குப் பழைய பெயர், புதிய பெயர், தொழிலாளர்கள் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர் எனப் பல பெயர்கள் உண்டு. பெயர் எதுவாக இருந்தாலும் எண் ஒன்றாக இருந்தால், வடிகட்டிக்கு ஒரு பெட்டி போதும்.

எண்ணிக்கையும் பக்கமும்

பெட்டியின் அருகே எத்தனை முடிவுகள் உள்ளன என்று காட்டுவது பெரும் உதவி. ஆனால் அதைக் கணக்கிடும் முறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு தலைப்பின் எண்ணிக்கைகளைக் கணக்கிடும்போது மற்றத் தலைப்புகளின் தேர்வுகளை மட்டும் பயன்படுத்த வேண்டும், அந்தத் தலைப்பின் சொந்தத் தேர்வுகளை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால், கமுனிங்கைக் குறியிட்ட மறுகணமே எல்பிலின் அருகே சுழியம் தோன்றும். அதைப் பார்த்தவர் அங்கே படமே இல்லை என்று நினைத்து அதைத் தொடாமலே போய்விடுவார். ‘எல்லாம்’ முறையில் இயங்கும் குறிச்சொற்களுக்கு மட்டும் இது மாறும். அங்கே இதுவரை குறியிட்டவற்றோடு இதையும் சேர்த்தால் எத்தனை மிஞ்சும் என்று காட்டுவதே பொருத்தம்.

தேர்வு மாறும்போதெல்லாம் பக்க எண்ணை ஒன்றுக்குத் திருப்புங்கள்; ஐந்தாம் பக்கத்தில் இருந்துகொண்டு புதிதாக ஒரு பெட்டியைக் குறியிட்டவருக்கு, இரண்டே பக்கமுள்ள முடிவில் வெற்றுப் பக்கம் தெரியக் கூடாது. ஆண்டுப்படி வரிசைப்படுத்தும்போது, ஒரே ஆண்டைக் கொண்ட படங்கள் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறாதிருக்க, படத்தின் எண்ணை இரண்டாவது வரிசைப் புலமாகச் சேருங்கள்.

ஒவ்வொரு குறிக்கும் உடனே முடிவைப் புதுப்பிப்பதா, கீழே ‘காட்டு’ என்று ஒரு பொத்தான் வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கைப்பேசியில் பொத்தானே நல்லது என்பது என் முடிவு. மரங்களுக்கு நடுவே அலைவரிசை விட்டு விட்டுக் கிடைக்கும் இடத்தில், ஐந்து குறிகளுக்கு ஐந்து முறை பக்கம் ஏற்றப்படுவது பொறுமையைச் சோதிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலும் வேலை செய்யும்படி படிவத்தைச் சர்வரிலேயே முழுமையாக உருவாக்குங்கள். முடிவுகளின் மேலே, தேர்ந்தவற்றைச் சிறு பட்டைகளாகக் காட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நீக்க வழி செய்யுங்கள். முடிவு எதுவும் இல்லையெனில், எந்தத் தேர்வை எடுத்தால் எத்தனை படங்கள் வரும் என்று அங்கேயே சொல்லுங்கள்.

சில ஆயிரம் பதிவுகள் கொண்ட தொகுப்பில் வேகம் ஒரு சிக்கலாகாது. பெருகும்போது, இணைப்பு அட்டவணைக்குப் படம்-குறிச்சொல் என்ற வரிசையில், விரைவாகத் தேட உதவும் ஒரு சுட்டும், குறிச்சொல்-படம் என்ற வரிசையில் மற்றொரு சுட்டும் இருந்தால் பெரும்பாலும் போதும். தேடுபொறிகளின் தானியங்கிகள் குறித்து மட்டும் முன்னெச்சரிக்கை தேவை. மொத்தம் 19 பெட்டிகள் உள்ள பக்கத்தில் 5,24,288 தேர்வுச் சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. அவற்றையெல்லாம் தானியங்கி திறந்து பார்க்கத் தொடங்கினால் சிறிய சர்வர் தாங்காது. வடிகட்டிய பக்கங்களைப் பட்டியலிட வேண்டாம் என்ற குறிப்பைப் பக்கத்தில் சேர்ப்பதோடு, அவற்றைத் திறக்கவே வேண்டாம் என்று ரோபோட்ஸ் கோப்பில் தடுப்பதா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். கோப்பில் தடுத்துவிட்டால் பக்கத்திலுள்ள குறிப்பைத் தானியங்கி படிக்காது, ஆதலால் இரண்டில் ஒன்றையே நம்ப வேண்டும். சர்வரின் சுமை கவலையாக இருந்தால் கோப்பில் தடுப்பதே ஏற்றது.

சோதிக்கும்போது, விடையைக் கையால் எண்ணக்கூடிய பன்னிரண்டு பதிவுகளை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் குறியிடாமல் ஒருமுறை, ஈரிலக்க எண்ணுள்ள ஒரே தோட்டத்தைக் குறியிட்டு ஒருமுறை, ஒரு தலைப்பில் இரண்டு, இரு தலைப்புகளில் இரண்டிரண்டு, செல்லாத மதிப்பு ஒன்று, ஒரே மதிப்பு இருமுறை என்று வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தாளில் எண்ணியதையும் திரையில் வந்ததையும் ஒப்பிடுங்கள். எங்கள் செயலியில் இந்தச் சோதனைகள் தேறிய பிறகு, அந்தப் பாட்டியிடமே மறுபடியும் கைப்பேசியைக் கொடுத்தேன். கமுனிங், எல்பில் இரண்டையும் குறியிட்டு, ‘காட்டு’ என்பதைத் தொட்டார். படங்கள் வந்தன, அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கத் தொடங்கினார்.